தடியும் மனுவும் வாக்கும்

தேர்தல் நெருங்கும் காலங்களில் நம் ஊர்ப்பக்கத்துப் பேச்சில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன. தேர்தல் நேர்மையாக நடக்குமா என்பது ஒன்று. நமக்கு உடன்பாடில்லாத ஒரு மதக் குழு நம் தெருவுக்குள் வந்து தன் கொள்கையைப் பரப்பினால் என்ன செய்யலாம் என்பது மற்றொன்று. முதல் கேள்வியைக் கேட்பவர் கள்ள ஓட்டையும் இரவோடு இரவாகக் கைமாறும் பணத்தையும் மனதில் வைத்துக் கேட்கிறார். இரண்டாவதைக் கேட்பவர் காவல் நிலையத்தையும் கூட்டத்தையும் நினைத்துக்கொள்கிறார். இவ்விரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகவே நாம் நடத்தி வருகிறோம். தென்காசிச் சீமையின் கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றைப் பார்க்கும்போது இவை ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நமக்குப் பிடிக்காதவனுக்குத் தெருவிலும் வாக்குச்சாவடியிலும் நாம் எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதே அக்கேள்வி.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் சாலையில், பாவூர்சத்திரத்தை ஒட்டி இருக்கிறது கீழப்பாவூர். நரசிம்மர் கோயிலால் அறியப்பட்ட ஊர். சுற்றுவட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேர்விட்ட கிறித்தவ சபைகள் உண்டு, பள்ளிவாசல்களும் உண்டு. கிழக்கே ஆலங்குளம், அதை அடுத்து நல்லூர். மேற்கே தென்காசி, அதற்கும் அப்பால் மலையடிவாரத்தில் பண்பொழியை அடுத்து மீனாட்சிபுரம். நல்லூருக்கும் மீனாட்சிபுரத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் பேருந்தில் அரைப்பகலுக்குள் போய்த் திரும்பிவிடலாம். அவ்விரு ஊர்களின் பெயரும் நாடறிய ஒலித்த ஆண்டுகளுக்கு இடையே 136 ஆண்டுகள் கிடக்கின்றன. 1845-இல் நல்லூர். 1981-இல் மீனாட்சிபுரம். இரண்டுமே மதமாற்றத்தை ஒட்டியவை.

முதலில் நல்லூர். ஜெர்மானியரான ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1838-இல் அவர் இறப்பதற்குள் திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்கள் பலவற்றில் சபைகள் தோன்றிவிட்டன. புதிதாக மதம் மாறியவர்கள் சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டபோது அவர்களைக் குடியமர்த்த நிலம் வாங்குவதற்கென்றே தர்மசங்கம் என்ற அமைப்பை 1830-இல் அவர் ஏற்படுத்தியிருந்தார். மாறியவர்களில் பெரும்பாலோர் அன்று இழிவாக நடத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கோயில் தேர் இழுப்பது போன்ற கட்டாய வேலைகளுக்கு அவர்கள் வர மறுத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நிலக்கிழாரிடம் தீராத வழக்கைப் பாதிரியாரிடமும், அவர் வழியாகக் கலெக்டரிடமும் கொண்டுபோனார்கள். கிராமத்தின் பழைய அடுக்கு குலையத் தொடங்கியது.

இதை எதிர்த்து எழுந்ததுதான் விபூதிச் சங்கம். 1840-களின் தொடக்கத்தில் திருச்செந்தூர்ப் பக்கம் உருவான இச்சங்கம் மதம் மாறியவர்களைத் தாய்மதத்துக்குத் திருப்பி, நெற்றியில் திருநீறு இட வைப்பதைத் தன் பணியாகக் கொண்டது. பேச்சாலும் இணக்கத்தாலும் இதைச் செய்திருந்தால் அதில் குறைகூற ஒன்றுமில்லை. பாதிரியாருக்கு உள்ள உரிமை பண்டாரத்துக்கும் உண்டு. ஆனால் 1845 நவம்பரில் நல்லூர் வட்டாரத்தில் நடந்தது வேறு. கூட்டம் திரண்டு கிறித்தவர்களின் குடியிருப்புகளைத் தாக்கியது. வீடுகள் சூறையாடப்பட்டன.

கலவரம் தொடர்பாக நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கீழ்நிலை நீதிமன்றம் தண்டித்தவர்களை விடுவிக்கும் கட்சியில் சென்னை சதர் நீதிமன்ற நீதிபதி மால்கம் லெவின் நின்றார். விசாரணை முறையாக நடக்கவில்லை என்பதும், அரசு பாதிரிமார் பக்கம் சாய்கிறது என்பதும் அவருடைய நிலை. ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபுவுக்கும் அவருக்கும் மூண்ட மோதலில் லெவின் பதவியை இழந்தார். ஒரு குக்கிராமக் கலவரம் மாகாண அரசையே உலுக்கிவிட்டது.

இந்த நிகழ்ச்சியை இன்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கு இது மதவெறிக் கும்பல் அப்பாவிகளைத் தாக்கிய கதை. மற்றவருக்கு இது அந்நிய அரசும் அந்நிய மதமும் கைகோத்து நாட்டு மக்களை நசுக்கிய கதை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. கும்பினி அரசு நடுநிலை வகிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு வெறும் கற்பனை அன்று. அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக வைக்க வேண்டும் என்று அதே ட்வீடேல் 1846-இல் முன்மொழிந்தார். அதை மறுத்துத் தடுத்தவர்கள் லண்டனில் இருந்த கும்பினி இயக்குநர்கள். ஆகவே கோபத்துக்குக் காரணம் இருந்தது. கோபம் போய் விழுந்த இடம்தான் தவறு. ஆளுநரின் மேல் இருந்த கோபத்துக்கு, ஆளுநரை வாழ்நாளில் கண்டிராத பனையேறியின் ஓலைக்குடிசை பலியானது. அரசைத் தட்டிக் கேட்க இயலாதவர்கள் அக்கம்பக்கத்தானைத் தட்டினார்கள்.

அரசைத் தட்டிக் கேட்கும் வேலையைச் சென்னையில் வேறொருவர் செய்துகொண்டிருந்தார். அவர் பெயர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. அவுரியும் துணியும் விற்ற வணிகர். 1844-இல் 'கிரெசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். மதமாற்றத்தில் அரசு தலையிடுவதைக் கண்டிப்பது அப்பத்திரிகையின் முதன்மையான வேலையாக இருந்தது. திருநெல்வேலிச் செய்திகள் சென்னையை எட்டியபின் 1846-இல் அவர் முன்னின்று பெருங்கூட்டம் கூட்டினார்; கும்பினி இயக்குநர்களுக்கு மனு எழுதப்பட்டது. 1852-இல் சென்னை சுதேசி சங்கம் பிறந்தது. ஆங்கிலேய நாடாளுமன்றத்துக்கு அச்சங்கம் அனுப்பிய மனுவில் வரிக்கொடுமையும் நீதிமன்றங்களின் சீர்கேடும் பேசப்பட்டன. 1853-இல் நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் சென்னைக்கு வந்தபோது லட்சுமிநரசு அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்று குடியானவர்கள் படும் பாட்டை நேரில் காட்டினார். விளைவாக அமைக்கப்பட்ட சித்திரவதை விசாரணைக் குழு 1855-இல் அறிக்கை தந்தது. வரி வசூலிக்க வந்த அரசு ஊழியர்கள் கிட்டி போட்டு விரல்களை நெரித்ததும், அண்ணாந்தாள் என்ற பெயரில் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதும் அரசாங்கமே அச்சிட்ட ஆவணமாயின.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒரு மதக் குழுவுக்கு எதிரான கோபத்தில் தொடங்கிய இயக்கம் அது. தடியை எடுத்த நல்லூர்ப் பக்கத்தில் எரிச்சலும் சிறையும் மிஞ்சின. மனுவை எடுத்த இயக்கமோ பாதிரிமார் மீதான புகாரில் தொடங்கி, எல்லா மதத்துக் குடியானவனின் விரலையும் நெரித்த கிட்டியில் வந்து நின்றது. மனு எழுதுகிறவன் தன் குறையை அயலானுக்கும் புரியும் மொழியில் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லத் தொடங்கும்போதே அது அவனுக்கு மட்டும் உரிய குறை என்ற நிலை மாறிவிடுகிறது. சட்டத்துக்கு உட்பட்ட எதிர்ப்பின் பெரும்பயன் இதுதான் என்பது என் எண்ணம்.

அதற்காக அந்த மனுக்களைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அவற்றுக்குப் பின்னால் நின்றவர்கள் சென்னையின் செல்வர்களும் படித்தவர்களும். நல்லூரில் வீடிழந்தவன் அக்கூட்டத்தின் மேடையில் இருந்திருக்க முடியாது. லட்சுமிநரசு 1863-இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்ததும் நியமனத்தால்தான். அவரைத் தேர்ந்தெடுக்க வாக்காளர் என்று எவரும் இல்லை. 1920-இல் மாகாண சட்டசபைக்குத் தேர்தல் வந்தபோதும் சொத்தும் வரியும் உள்ளவருக்கே வாக்கு. இஸ்லாமியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் தனி வாக்காளர் தொகுதிகள் வகுக்கப்பட்டன. மதத்தைச் சொல்லியே வாக்குச்சாவடிக்குள் போகும் முறை. விடுதலைக்குப்பின் அரசியல் சட்டம் அதை ஒழித்தது. 1951-52 பொதுத்தேர்தலில்தான் பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் ஆளுக்கொரு வாக்கு என்ற நிலை வந்தது. மனு எழுதத் தெரியாதவனும் தன் மனுவைப் பெட்டிக்குள் போட முடிந்தது.

வாக்கு வந்தபின் ஒரு புதிய மயக்கமும் உடன் வந்தது. தேர்தலில் வென்றால் தெருவில் செய்ததும் சரி என்றாகிவிடும் என்னும் மயக்கம். இதற்கு 1971 சேலம் நல்ல சான்று. அவ்வாண்டு ஜனவரியில் திராவிடர் கழகம் சேலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. பெரியார் கலந்துகொண்ட ஊர்வலத்தில் கடவுளர் உருவங்கள் எடுத்துச் செல்லப்பட்டன. அதை எதிர்த்து ஜனசங்கத்தினர் கறுப்புக்கொடி காட்டினார்கள். அந்த அளவில் இரு தரப்பாரும் தத்தம் உரிமைக்குள்தான் இருந்தார்கள். பின்னர் எதிர்ப்பாளர் பக்கமிருந்து செருப்பு வீசப்பட்டது. ஊர்வலத்தினர் ராமர் படத்தைச் செருப்பால் அடித்தனர். சில வாரங்களில் வந்த தேர்தலில் இந்நிகழ்ச்சியே எதிர்க்கட்சிகளின் சுவரொட்டியாயிற்று. மார்ச்சில் தி.மு.க. 184 இடங்களில் வென்றது.

அந்த வெற்றியை ஒரு சாரார் பகுத்தறிவின் வெற்றி என்றார்கள். மற்றொரு சாரார் நாட்டின் வீழ்ச்சி என்றார்கள். இரண்டும் மிகை. வாக்களித்த மக்களில் பெரும்பாலோர் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனவர்கள்தான். அரசின் நலத்திட்டங்களையும் கூட்டணியையும் கணக்கில் கொண்டு வாக்களித்தவர்களை ஊர்வலத்துக்கு ஒப்பமிட்டவர்களாகக் காட்ட முடியாது. எவர் ஆளவேண்டும் என்பதை வாக்குப்பெட்டி சொல்லும். எவர் கண்ணியமாக நடந்துகொண்டார் என்பதை அது சொல்லாது. 1958-இல், பிள்ளையார் சிலை உடைப்பு வழக்கில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம் ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதுவது எத்துணை எளிய பொருளானாலும் அவர்களுடைய உணர்வைச் சட்டம் மதிக்க வேண்டும் என்று கூறியிருந்தது. ஆனால் நிகழ்ச்சி நடந்து ஐந்தாண்டுகள் கடந்துவிட்டதால் பெரியார் மீதான வழக்கை மேலும் நடத்த அது விரும்பவில்லை. சிறையிடும் அவசரம் இல்லாமல் எல்லையை மட்டும் சுட்டிக்காட்டிய அந்த நிதானம் எனக்குப் பிடித்தமானது.

இனி மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று அவ்வூரில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. சாதியால் பட்ட இழிவையும் காவல்துறையிடம் பட்ட தொல்லையையும் அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். எதிர்ப்பாளர்கள் வளைகுடாப் பணத்தைக் காரணமாகச் சொன்னார்கள். தில்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள். ஆரிய சமாஜத்தினர் வந்து தாய்மதம் திருப்பும் பணியில் இறங்கினார்கள். மாநாடுகள் நடந்தன. இவை எல்லாவற்றையும் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. மதம் மாறியது தவறு என்று உரத்த குரலில் சொல்வதற்கும் உரிமை உண்டு. 1845-ஐயும் 1981-ஐயும் அருகருகே வைத்தால் ஒரு வளர்ச்சி தெரிகிறது. இம்முறை எதிர்ப்பின் பெரும்பகுதி மேடையிலும் பத்திரிகையிலும் பேச்சுவார்த்தையிலும் நடந்தது. மாறிய சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. முடிவு அவரவர் கையில் இருந்தது.

அந்த முடிவு அரசின் கைக்குப் போனது 2002-இல். அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று அ.தி.மு.க. அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அம்மாத இறுதியில் சட்டமன்றத்தில் அது நிறைவேறியது. வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ மோசடியாகவோ மதம் மாற்றினால் மூன்றாண்டுச் சிறை. மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ சிறாராகவோ ஆதிதிராவிடராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் நான்காண்டு. மதமாற்றச் சடங்கை நடத்துபவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். பரப்பும் உரிமை என்பது பிறரை மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருந்ததால் இச்சட்டத்துக்கு ஆதரவாக வாதிட இடமிருந்தது. வற்புறுத்தல் குற்றம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பெண்ணையும் தலித்தையும் தன் மனதைத் தானே அறியாத சிறாரின் வரிசையில் நிறுத்தியது அச்சட்டத்தின் உள்ளக்கிடக்கையைக் காட்டிவிட்டது. அவர்களுடைய வாக்கை எண்ணுகிற அரசு அவர்களுடைய நம்பிக்கையை நம்ப மறுத்தது.

எதிர்ப்பு எழுந்தது. சிறுபான்மையினரின் கல்வி நிலையங்கள் ஒருநாள் மூடப்பட்டன, உண்ணாவிரதங்கள் நடந்தன, பேரணிகள் நடந்தன. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் புதுச்சேரியிலும் ஆளுங்கட்சிக் கூட்டணி தோற்றது. சில நாட்களிலேயே, அந்த மே மாதத்திலேயே, சட்டத்தைத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. இத்தோல்விக்கு மதமாற்றச் சட்டம் ஒன்றே காரணம் என்று சொல்வது சேலத்து மயக்கத்தின் மறுபதிப்பாகிவிடும். அரசு ஊழியர் வேலைநீக்கம் உட்படப் பல காரணங்கள் இருந்தன. இருந்தாலும் உண்ணாவிரதம் கேட்டதைச் செவிமடுக்காத அரசு வாக்கு கேட்டதைச் செவிமடுத்தது. எதிர்ப்பு அமைதியாக இருந்ததாலும் தேர்தல் நேர்மையாக எண்ணப்பட்டதாலும்தான் இது நடந்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது மட்டும் இருந்திருந்தால் நடந்திருக்காது.

தேர்தல் நேர்மையில் மதத்தின் பங்கு பற்றி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பெயரால் வாக்குக் கேட்பது அதன் 123-ஆம் பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. வேட்பாளரின் மதம் மட்டுமல்லாமல் வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சாதியால் வந்த துன்பத்தைச் சாதியைச் சொல்லாமல் எப்படிப் பேசுவது என்று மாறுபட்ட நீதிபதிகள் கேட்டார்கள். அது தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியன்று. துன்பத்தைப் பேசலாம், அதைக் காட்டி அடையாளத்தின் பெயரால் வாக்குக் கேட்கக்கூடாது என்ற கோட்டை நாம் வரைந்துகொள்ளலாம். கோடு மெல்லியதுதான், ஆனாலும் வேண்டியது.

வேட்பாளருக்கு இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லும் சட்டமே ஓரிடத்தில் மதத்தைக் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறது. தென்காசி மக்களவைத் தொகுதி நெடுங்காலமாகத் தனித்தொகுதி. அதில் போட்டியிடுபவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டு ஆணையின்படி அப்பட்டியலில் இந்துக்கள் மட்டுமே இடம்பெற்றார்கள். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்றுவரை இல்லை. மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 18 அன்று தென்காசியில் போட்டியிடத் தகுதியோடு உறங்கிய ஒருவர் மறுநாள் அத்தகுதியை இழந்தார். வாக்களிக்கலாம், அத்தொகுதியில் நிற்க முடியாது.

இது வெறும் தர்க்கம் அன்று என்பதற்குக் கோலார் தங்கவயல் சான்று. அங்கே 1967-இல் தனித்தொகுதியில் வென்ற ராஜகோபால் முன்பு கிறித்தவராக மாறியவர் என்பதைக் காட்டி, தோற்ற ஆறுமுகம் வழக்குத் தொடர்ந்தார். 1968-இல் உச்சநீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. ராஜகோபால் 1972-இல் மீண்டும் நின்று வென்றார், மீண்டும் வழக்கு. 1975-இல் அதே நீதிமன்றம் அவர் இந்து மதத்துக்குத் திரும்பியதையும் ஆதிதிராவிடர் அவரைத் தம்மவராக ஏற்றதையும் ஒப்புக்கொண்டு வெற்றியை உறுதிசெய்தது. தேர்தல் வழக்கில் பொதுவாக எண்ணப்படுவன வாக்குகள். இங்கே ஒரு மனிதனின் நம்பிக்கையும் அவனைச் சாதியார் ஏற்றுக்கொண்டார்களா என்பதும் எடைபோடப்பட்டன. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்கக்கூடாது என்ற சட்டத்தின் நிழலில்தான் இதுவும் நடந்தது.

தீண்டாமை இந்து சமூகத்தின் கொடுமை, அதற்கான ஈடும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்பார்கள் ஆணையை ஆதரிப்பவர்கள். சலுகை தொடர்ந்தால் மதமாற்றம் பெருகும் என்றும் அஞ்சுவார்கள். முதல் வாதத்துக்குத் தமிழ்நாட்டுத் தேவாலயங்களின் கல்லறைத் தோட்டங்களே விடை சொல்லும். சாதிவாரியாகச் சுவர் எழுப்பிப் பிரித்த இடங்கள் அங்கே உண்டு. ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரையவில்லை. இரண்டாம் வாதம், மனிதன் சலுகையைப் பார்த்துத்தான் கடவுளைத் தேர்கிறான் என்று கொள்கிறது. அப்படியானால் சலுகையை இழந்தும் மாறிய மீனாட்சிபுரத்துக் குடும்பங்களை என்னவென்று சொல்வது? ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மதத்தையும் பட்டியல் தகுதியையும் பிரிக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஏற்கெனவே பட்டியலில் உள்ளவர்களின் பங்கு குறையாமல் இதை எப்படிச் செய்வது என்ற கவலையும் நேர்மையானதே. அதற்கும் விடை காணவேண்டும். ஆனால் கேள்வியையே எழுப்பாமல் இருப்பது தேர்தல் நேர்மை ஆகாது.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த மதக் குழுவையும், அது எவ்வளவு பழையதாயினும் புதியதாயினும், எதிர்க்கும் உரிமை எவருக்கும் உண்டு. துண்டறிக்கை எழுதலாம், கறுப்புக்கொடி பிடிக்கலாம், வழக்குப் போடலாம், அதன் கணக்குகளைக் கேட்கலாம். அதன் கூட்டத்துக்கு நேரெதிரே அனுமதி பெற்று நம் கூட்டத்தையும் போடலாம். அதன் அடியாரின் வாசலில் தடியோடு போய் நிற்கக்கூடாது. அவரை எண்ணித் தரும்படி அரசிடம் பதிவேடு கேட்கக்கூடாது. அவர் நிற்கும் தேர்தலில் அவருடைய நெற்றியைப் பார்த்து வழிவிடக்கூடாது. எதிர்ப்பவனின் வாயும் எதிர்க்கப்படுபவனின் வாக்கும் ஒரே சட்டத்தின் காவலில் இருக்கின்றன. ஒன்றைப் பூட்டினால் மற்றதும் பூட்டப்படும்.

லட்சுமிநரசு செட்டி 1868-இல் இறந்தார். வாக்குப்பெட்டி என்ற ஒன்றை அவர் கண்டதில்லை. நல்லூரில் வீடிழந்தவரின் பெயரோ எங்கும் பொறிக்கப்படவில்லை. அவ்விருவரின் வழிவந்தவர்களும் இன்று ஒரே வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்கிறார்கள். அந்த வரிசையில் எல்லாரும் வாக்காளராக நிற்கலாம். எல்லாரும் வேட்பாளராக நிற்க முடியுமா என்பது மட்டும் தென்காசியில் இன்னும் மதத்தைப் பொறுத்தே இருக்கிறது.